ஆயுதபூஜைக்கு ஓய்வெடுத்த ஆன்டிபாடி

ஆன்டிபாடியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குச் சாமி மேல் இருக்கிற பயத்தைவிட கரண்ட் மேல் இருக்கிற பயம்தான் அதிகம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிர்நோய் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஆட்சி மாறினால் வாசலில் போர்டு மாறும். உள்ளே இருக்கிற பழைய பிரிட்ஜ் மட்டும் மாறாது. பிரிட்ஜ் கதவைச் சரியாக மூடினோமா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி ஓடி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாங்க, நீங்க நம்ம கட்சி.

முயல் கொடுத்த மருந்து

அந்த பிரிட்ஜுக்குள் இருந்தது சுண்டுவிரல் உயரத்தில் ஒரே ஒரு குப்பி. நெல்லில் இலைக் கருகல் நோயைக் கொண்டுவரும் பாக்டீரியாவின் செல்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அதை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடி முயலின் ரத்தத்தில் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து, ஐஸில் வைத்து, ஹைதராபாத்திலிருந்து அனுப்புவார்கள். நாங்கள் இலையை அரைத்து, வரிசையாகக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சாற்றை விட்டு, ஆன்டிபாடியைச் சேர்த்து, கடைசியில் ஒரு மருந்து விடுவோம். கிருமி இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரியே கிடக்கும். குப்பி கெட்டுப்போனால் அடுத்தது வருவதற்குள் சம்பா அறுவடையே முடிந்துவிடும்.

இதை ஒரு விவசாயிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க விளக்கினேன். சந்தேகம் இருந்தா கேளுங்க என்றதும், முன்வரிசையில் ஒருவர் துண்டைத் தோளில் சரிசெய்தபடி எழுந்தார்.

"எல்லாஞ் சரிங்கம்மா, அந்த முயலு நெல்லு வயலைக் கண்ணால பாத்திருக்குமா?"

குளிப்பாட்டிக் கொண்டுவந்த இலை

தெய்வானை எங்கள் ஆபீஸுக்கு வந்தது அந்த வருஷம் பூஜை லீவுக்கு முன்னால். ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற பெண். புருஷன் இல்லை. நிலத்துக்காரர் சிங்கப்பூரில், அவர் சார்பில் எல்லாவற்றையும் பார்ப்பவர் கோவிந்தராஜ் என்ற கரைவேட்டி ஏஜெண்ட். சம்பா தூர் கட்டுகிற நேரத்தில் இலையெல்லாம் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய ஆரம்பித்துவிட்டது. உரம் போடாமல், கவனிக்காமல் பயிரைக் கெடுத்துவிட்டாள், நிலத்தை விட்டு இறங்கட்டும் என்றார் ஏஜெண்ட். இது வியாதி, என் குற்றமில்லை என்றாள் தெய்வானை. குத்தகைத் தகராறு என்றாலே ஊர் கொதிக்கிற காலம். அவள் பக்கம் செங்கொடிக்காரர்கள், இவர் பக்கம் ஆளுங்கட்சி. கைகலப்பு வரை போய், கடைசியில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆபீஸில் வியாதி என்று சொன்னால் அவள் நிலத்திலேயே இருக்கலாம். வியாதி இல்லை என்று சொன்னால் இறங்கிவிட வேண்டியது.

ஆக, ஒரு குடும்பத்தின் நிலம் என் சுண்டுவிரல் குப்பியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் வாழையிலையைப் பிரித்தாள். உள்ளே நெல் இலைகள், மஞ்சள் தண்ணீரில் முங்கி எழுந்து பளபளவென்று இருந்தன. அட கடவுளே! நான் தேடுவதும் மஞ்சள்தான், ஆனால் இந்த மஞ்சள் இல்லையே! அதே நாளில் ஏஜெண்டும் வந்தார். வரப்போரத்தில் பச்சைப்பசேலென்று நின்ற நாலு இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டையும் குப்பையில் போட்டேன். லீவு முடிந்ததும் நானே வயலுக்கு வந்து எடுக்கிறேன், ரெண்டு பேரும் கூட நில்லுங்க என்றேன். தெய்வானைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆபீஸுக்கு வர்ற பொருளை அழுக்கோடயா எடுத்தாருவாங்க?"

சந்தனம் பூசிய பிரிட்ஜ்

எங்கள் உதவியாளர் கலியபெருமாள் அண்ணன் பக்திமான். ஆயுதபூஜைக்கு மைக்ராஸ்கோப் முதல் மண்வெட்டி வரை துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்வார். பூஜை போட்ட பிறகு விஜயதசமி வரை எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அதெல்லாம் எனக்கும் தெரியும். அதை அவர் எதற்கெல்லாம் பொருத்துவார் என்றுதான் தெரியாமல் போய்விட்டது.

லீவு முடிந்து கதவைத் திறந்தேன். எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் சத்தமே இல்லாமல் நின்றது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், கழுத்தில் வாடின சாமந்தி மாலை. பிளக்கைக் கழற்றி, அதற்கும் ஒரு பொட்டு வைத்து, ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரே வேர்வை. குப்பியைத் தொட்டேன். சில்லென்று இல்லை. காபி ஆறிப்போன டம்ளர் மாதிரி இருந்தது. பின்னாலேயே உள்ளே வந்த அண்ணனிடம், என்ன காரியம் பண்ணிட்டீங்கண்ணே என்று அலறினேன். அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

"எல்லா மிஷினுக்கும் ஓய்வு குடுத்துட்டு அதை மட்டும் உழைக்க விட்டா, அது மனசு என்ன பாடுபடும்மா?"

வரப்பில் ஒரு கேள்வி

சூட்டில் ஆன்டிபாடி செத்திருந்தால் நோய் இருந்தாலும் குழி நிறம் மாறாது. அப்போது மருந்து கெட்டுவிட்டது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? செங்கொடிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த சாக்கு என்பார்கள். பிரிட்ஜுக்கு ஓய்வு கொடுத்தோம் என்று சொன்னாலோ, சிரிப்பார்கள். அவள் நிலம் போயே போய்விடும். வயலுக்குப் போகிற வழியெல்லாம் இதே நினைப்பு.

சேற்றில் இறங்கி, வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் இலை பறித்தேன். தெய்வானை பின்னாலேயே வந்தாள். நான் பறித்த ஒவ்வொரு இலையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணால் பார்த்துச் சொல்லலாம் என்றால், சத்துக் குறைவிலும் இலை இப்படித்தான் காயும். வரப்பில் குடை பிடித்து நின்ற ஏஜெண்ட் நான் கரையேறக் கை கொடுத்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நிறம் வரலேன்னா, வியாதி இல்லேன்னு நீங்க பட்டுனு சொல்லிடுவீங்கல்ல?"

மஞ்சள்

தட்டில் எப்போதும் ஒரு குழியில் நோய் நிச்சயமாக உள்ள இலைச் சாறு வைப்போம், இன்னொன்றில் நல்ல இலைச் சாறு. நோயுள்ள இலைக்கு நிறம் வந்தால் ஆன்டிபாடி உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் செத்துவிட்டது. மறுநாள் கடைசி மருந்தை விட்டுவிட்டு, தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மரத்தடியில் இரண்டு பக்கத்து ஆட்களும் நின்றார்கள். தட்டு தண்ணீர் மாதிரியே கிடந்தது. கலியபெருமாள் அண்ணன் விஷயம் புரிந்து, முகம் வெளிறி, பிரிட்ஜைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். திட்டு வாய் வரை வந்தது. அப்புறம் நானும் மனசுக்குள் கும்பிட்டேன், பொய் சொல்வானேன்?

எவ்வளவு நேரம் போனதோ, நோயுள்ள குழியில் எலுமிச்சைத் தோலின் நிறத்தில் லேசாக ஏதோ தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மஞ்சள்தான்! கொஞ்ச நேரத்தில் தெய்வானை வயலின் குழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாயின. நல்ல இலையின் குழி மட்டும் தெளிவாகக் கிடந்தது. ஆன்டிபாடி சாகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். ஏஜெண்ட் குனிந்து பார்த்தார், நல்ல இலையின் குழியையும் பார்த்தார், குடையை மடக்கினார். மண்டபத்தில் கொடுத்த வாக்கை மீற முடியாது, கிளம்பிவிட்டார். பாதிப் பயிர் கைக்கு வராதும்மா, கருகல் நோய்தான் என்று தெய்வானையிடம் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"என் பயிருக்கு வியாதின்னு சொன்ன வாய்க்குச் சக்கரை போடணும்மா!"

கெட்ட சேதி சொல்லிச் சர்க்கரை வாங்கிய வாய் இது என்றாலும், ரிட்டயராகிவிட்ட இன்றைக்கும் ஆயுதபூஜை அன்று வீட்டு பிரிட்ஜின் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொரியில் கைவைக்கிறேன்.