பூரணியின் இரண்டு பிறந்த தேதிகள்

பிரெஞ்சு அடையாள அட்டையின்படி பூரணிக்கு முப்பத்து மூன்று வயது. ஜாதகத்தின்படி முப்பத்தொன்று. நான்கு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இலங்கையிலிருந்து பாரிஸில் வந்து இறங்கியபோது, காசு வாங்கி ஆட்களைக் களவாக அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்காரன் கொடுத்த கடவுச்சீட்டு வேறொரு பிள்ளையுடையது. அதில் மார்ச் மூன்று என்று இருந்தது. அகதி விண்ணப்பத்தில் தாய் மங்கையற்கரசி மகளின் பெயரை மட்டும் உண்மையாகச் சொன்னார். தேதியைக் கேட்டபோது பயம் வந்து, கடவுச்சீட்டில் இருந்ததையே சொல்லிவிட்டார். பிறகு பள்ளிக்கூடம், வதிவிட அட்டை, குடியுரிமை எல்லாம் அந்தத் தேதியின் மேலேயே ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

அவள் உண்மையில் பிறந்தது ஆகஸ்ட் பதினொன்று. பாரிஸின் புறநகரான ஓல்னேயில் இருந்த வீட்டில் அன்றைக்குக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கேக் வெட்டுவார்கள். மார்ச் மூன்றில் வகுப்புக்குச் சாக்லேட் கொண்டுபோவாள்.

"வெளியில வாயைத் திறந்தியெண்டால் ரெண்டு பேரையும் பிளேனில ஏத்திப்போடுவாங்கள்" என்று சொல்லித்தான் தாய் அவளை வளர்த்தார். அவள் ஒருபோதும் வாயைத் திறக்கவில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு மளிகைக் கடையின் காசுமேசையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறாள். பிரெஞ்சு நன்றாக வாசிக்கத் தெரிந்தவள் என்பதால், மரக்கறி வாங்க வருகிறவர்கள் வதிவிட அட்டை கொடுக்கிற அரசு அலுவலகமான பிரெபெக்சரிலிருந்து வந்த கடிதங்களையும் அவளிடம் நீட்டுவார்கள். உறையைக் கிழிக்கும்போது அவர்களுடைய முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஹரிஹரசுதன் அந்தக் கடைக்குத்தான் வந்தான். கும்பகோணத்துக்காரன், இப்போது முப்பத்திரண்டு வயது, கணினியில் முதுகலை படிக்க வந்தவன். சாம்பார்ப் பொடி கேட்டான். முடிந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்துக் கறித்தூளை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் வந்து நின்றான்.

"என்னங்க இது, சாம்பார் வச்சா கண்ணுல தண்ணி வருது?"

"நாங்கள் அதில கறி வைக்கிறனாங்கள். உங்களை ஆர் சாம்பார் வைக்கச் சொன்னது?"

பேச்சு வளர்ந்து காதலாகி இரண்டு வருடம் கழித்து, அவனுடைய மாணவர் அட்டை செப்டம்பர் முப்பதோடு முடிகிறது என்ற நிலையில், இருவரும் இராஜதுரை முன்னால் போய் உட்கார்ந்தார்கள். தொலைபேசிக் கடை ஒன்றின் பின்பக்கத்தில் மேசை போட்டிருக்கும் அவர் நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர். விசாவைப் பற்றியும் நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்.

"ரெண்டு வழி இருக்குது பிள்ளை. இந்தியாவுக்குப் போய்க் கலியாணம் கட்டி, அதை பிரெஞ்சு அலுவலகத்தில பதிஞ்சு, பிறகு தம்பிக்கு நீண்டகால விசா கேக்கிறது. அது எவ்வளவு காலம் இழுக்குமெண்டு நான் சொல்லமாட்டன். இல்லாட்டி, தம்பியின்ர அட்டை உயிரோட இருக்கேக்க இஞ்சை மேரியில, நகரசபையில, கட்டிப்போட்டு, துணைக்கான அட்டைக்கு மாத்திக் கேக்கிறது. நீ பிரெஞ்சுக்காரி. வழி இருக்கு."

"பாக்ஸ் போட்டா என்ன சார்?" என்றான் ஹரி.

"சேர்ந்து வாழுற ஒப்பந்தம்தானே? அது கையில இருக்கெண்டு உடன அட்டை தரமாட்டினம். ஒரு வருசமாச் சேர்ந்து இருந்ததைக் காட்டோணும். நீங்கள் இன்னும் தனித்தனி வீடு."

போனால் திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இங்கேயே கட்டுவதென்று முடிவாயிற்று.

அடையாள அட்டையின் பிரதியைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து ஹரியின் அம்மா பாப்பம்மாள் அழைத்தார். "ஏண்டா, பொண்ணு உன்னைவிடப் பெரியவளாடா?" வேறு வழியில்லாமல் மங்கையற்கரசி அலுமாரியின் அடியிலிருந்து ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தார். ஆகஸ்ட் பதினொன்று, விடிய நாலு நாற்பது. ஜோசியருக்கு அதைத் தட்டச்சு செய்து அனுப்பியவன் ஹரிதான். எட்டுப் பொருத்தம் வந்தது. பாப்பம்மாள் சேலை எடுக்கப் போய்விட்டார்.

மேரி என்கிற நகராட்சி அலுவலகத்திலிருந்து மே மாதத்தில் கடிதம் வந்தது. கலியாணம் உண்மையானதா என்று பார்க்க இருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்களாம். இராஜதுரை சொன்ன கேள்விகளை ஒரு வாரம் பாடமாக்கினார்கள். யார் முதலில் கேட்டது, யார் சமைக்கிறது, மாமியாரின் பெயர் என்ன. பிறந்தநாளைப் பாடமாக்க யாருக்கும் தோன்றவில்லை. அதைத் தெரியாத மாப்பிள்ளையும் இருப்பானா?

பூரணியை முதலில் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம், ஒரு தவறும் இல்லை. அடுத்து ஹரி போனான். அவன் வெளியே வந்ததும் அதிகாரி அவளை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத பெண்மணி.

"உங்கள் பிறந்தநாள் ஆகஸ்ட் பதினொன்று என்கிறார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரம்கூடச் சொன்னார். பத்திரத்தில் மார்ச் மூன்று, ஆண்டும் வேறு. ஒன்று அவருக்கு உங்களைத் தெரியாது. இல்லையென்றால் எனக்குத் தெரியாது."

பூரணிக்கு ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது: ஆண்களுக்குத் தேதி எங்கே நினைவிருக்கிறது, குழம்பிவிட்டார். சொல்லிவிட்டுச் சிரித்தால் அவளுடைய இருபத்தேழு வருடக் காகிதங்களுக்கு ஒன்றும் வராது. ஹரிதான் பெண்ணின் பிறந்தநாள்கூடத் தெரியாத போலி மாப்பிள்ளை ஆவான். கோப்பு, கலியாணத்தை நிறுத்தக்கூடிய அரச வழக்கறிஞருக்குப் போகும். செப்டம்பர் முப்பதும் வந்துவிடும்.

தொலைபேசியில் ஜாதகக் கட்டம் இருந்தது, எட்டுப் பொருத்தமும் எழுதி, பாப்பம்மாள் அனுப்பிய பூப் படமும் கும்பிட்ட கைப் படமுமாக. இது உண்மையான கலியாணம் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி அவளிடம் இல்லை. அவள் பொய்த் தேதியில் வாழ்கிறாள் என்று காட்டவும் அதுவேதான் சாட்சி.

திரையைத் திருப்பி வைத்தாள்.

"இது ஜாதகம். எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது இதைத்தான் கொடுப்பார்கள். அவர் சொன்னது என் அம்மா என்னைப் பெற்ற நாள். உங்களிடம் இருப்பது, நாங்கள் பயந்து சொன்ன நாள். எனக்கு அப்போது நான்கு வயது."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். எழுதுவது ஒரு வரியா ஒரு பக்கமா என்று எட்டிப் பார்க்கக்கூட பூரணிக்குத் துணிவில்லை. கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எட்டு நாளுக்குள் பதிவுபெற்ற மொழிபெயர்ப்போடு கொண்டு வாருங்கள். வழக்கறிஞருக்கு அனுப்புவதா என்று அதற்குப் பிறகு பார்க்கலாம்."

ரயிலில் ஹரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கார்டுல வேற தேதின்னு எனக்குத் தெரியும் பூரணி. ஆனா அவங்க 'எப்பப் பொறந்தாங்க'ன்னு கேட்டாங்க. மனப்பாடமா இருந்தது, வந்துடுச்சு."

வீட்டில் தாய் தலையில் அடித்துக்கொண்டார். "பிறந்தநாளைத்தான் சொன்னான், சரி. நேரமும் சொல்லோணுமே? ஆஸ்பத்திரியில கூட நிண்டவனோ?"

சிரிப்பு வந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

இராஜதுரை ஜாதகத்தை இரண்டு தடவை வாசித்தார். முத்திரையை எடுத்தவர் குத்தாமல் வைத்துக்கொண்டிருந்தார். "யோசிச்சியே பிள்ளை? இப்ப இது உங்கட வீட்டுச் சாமான். நான் குத்தினனெண்டால் இது அரசாங்கக் கடதாசி. பிறகு ஆர் எடுத்து வாசிப்பினமெண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

"குடியுரிமையைப் பறிப்பினமே அண்ணை?"

"பறிக்கமாட்டினமெண்டு சொல்ல எனக்கு ஆசைதான்."

அவள் நின்றுகொண்டே சொன்னாள். "குத்துங்கோ."

மூன்று வாரம் பதில் இல்லை. கடையில் யாராவது உறையை நீட்டினால், அனுப்பிய அலுவலகத்தின் பெயரை அவள் முதலில் பார்த்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை மேரியிலிருந்து ஒரே வரியில் தகவல் வந்தது: ஜூன் இருபத்தேழு, சனிக்கிழமை, பதினொன்றேகால் மணிக்குக் கலியாணம். ஜாதகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்னித்துவிட்டார்களா, பிறகு பார்ப்போம் என்று எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்கவும் வழியில்லை.

அன்றைக்கு மேரியின் மண்டபத்தில் பதிவேட்டை உரக்க வாசித்தபோது, மார்ச் மூன்றில் பிறந்த பூரணி என்றார்கள். ஹரி பிரெஞ்சில் "உய்", ஆம், என்றான். அவள் கையெழுத்திட்டாள்.

ஜூலையில் அவனுக்குத் துணைக்கான அட்டை கேட்டு பிரெபெக்சருக்கு விண்ணப்பம் போனது. மேரியின் கோப்பும் அங்கே போகுமா என்று இராஜதுரையிடம் கேட்க நினைத்து, கேட்காமலே விட்டாள்.

ஆகஸ்ட் பதினொன்று அன்று மாலை ஹரி லா ஷப்பலிலிருந்து கேக் வாங்கி வந்தான். அதன் மேல் அவள் பெயரும், கீழே தேதியும் எழுதுவித்திருந்தான். தாய் அந்தத் தேதியைப் பார்த்தார். முத்திரையோடு ஒரு கோப்புக்குள் இருக்கிற அதே தேதி. எழுந்து போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

பூரணி வேண்டாமென்று சொல்லவில்லை. கத்தியை எடுத்து, தேதி இருந்த பக்கத்தை முதலில் வெட்டினாள்.