பெயர் தெரியாத கட்டி

மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கழுத்தில் போடும் ‘பத்து’ காய்ந்ததும் தோலைச் சுருக்கிப் பிடித்து இழுக்கும். தலையைத் திருப்பினால் பொருக்குப் பொருக்காகச் சட்டைக்குள் உதிர்ந்து அரிக்கும். ஏழாம் வகுப்பில் பாதியை நான் அந்த அரிப்போடுதான் படித்தேன். பத்துப் போட்டது, தொண்டைக்கு நேர் நடுவில் சுண்டைக்காயாகத் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்திருந்த ஒரு கட்டிக்கு. வலி கிடையாது. வலித்திருந்தால் யாராவது ஒழுங்காகப் பார்த்திருப்பார்களோ என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

தேனிப் பக்கம் தேவாரம் என்கிற ஊரில் அப்பாவுக்கு உரக்கடை. கடைக்கு வருகிறவர்கள் என் கழுத்தைப் பார்த்து ‘கழலை’ என்றார்கள், ‘கண்டமாலை’ என்றார்கள். முதலில் பார்த்த டாக்டர் தைராய்டு என்றார். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அடுத்தவர், கட்டியில் ஊசி போட்டு நீரெடுத்துச் சோதிக்காமலே, காசநோயாக இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். அதை விழுங்கிய அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, அது மாத்திரையின் நிறம்தான் என்று தெரியாமல் பயந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் அழுதேன்.

மாத்திரை விஷயம் எப்படியோ பள்ளிக்கூடம்வரை போய்விட்டது. என் பெஞ்சுத் தோழி செல்வி ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஒட்டிக்கிரும்னு எங்கம்மா சொல்லுது. நா ஒண்ணும் சொல்லல” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு ஒரு சளிக்காய்ச்சலில் கட்டி சிவந்து வலிக்கத் தொடங்கியது. வேறொரு டாக்டர் கீறிச் சீழை எடுத்து, இனி வராது என்று அனுப்பினார். ஒரே மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வீங்கியது. முன்பு கீறிய இடமே திறந்துகொண்டு, ஆறாமல் சிறு துளையாக நின்று, அதில் பிசுபிசுவென்று நீர் கசிந்தது. கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

கடைசியாகத் தேனியில் காது மூக்குத் தொண்டை பார்க்கும் ஒரு பெண் மருத்துவரிடம் அப்பா அழைத்துப் போனார். அவர் கட்டியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொன்னார். நீட்டினேன். அவர் விரலுக்கடியில் கட்டி மேலே ஏறியது. என்னவென்று அவருக்கு விளங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“இதுக்கு முன்னாடி யாருமே நாக்க நீட்டச் சொல்லிப் பாக்கலையா?” என்று அப்பாவைக் கேட்டார்.

“இல்லம்மா. எல்லாரும் மருந்துதான் எழுதிக் குடுத்தாக” என்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கருவில் இருக்கும்போது தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வரும் பாதை, எனக்கு மூடாமல் நின்று நீர் கோத்துக்கொண்டதாம். அதிகம் பேருக்கு வருவதில்லை, ஒட்டுவதில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் வெறுமனே கீறினால் திரும்ப வரும். அந்தப் பாதையையும் அது தொட்டுக்கொண்டு போகும் சின்ன எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று விளக்கினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத மாத்திரையை நிறுத்தி, முழுப்பரீட்சை விடுமுறையில் அறுவை செய்தார். எடுத்த கட்டியைச் சோதித்ததில் காசநோயின் சுவடே இல்லை. அதன்பிறகு அது வரவேயில்லை.

பள்ளி திறந்தபோது செல்வி வேறொருத்தியோடு உட்கார்ந்திருந்தாள். ஒட்டுகிற நோயில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வீம்பில் நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர்கள் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது.

இப்போது நான் தேனியில் வேலை பார்க்கிறேன். தழும்பு கழுத்து மடிப்புக்குள் போய்விட்டது; நானே தேடித்தான் பார்க்க வேண்டும். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்த வருடத்தைப் பற்றி அப்பாவிடம் பேச்செடுத்தேன். அவர் சற்று யோசித்தார்.

“அது சின்னக் கட்டிதானத்தா. தேனிக்குப் போனோம், ஒடனே எடுத்துட்டாக.”

அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவில் அவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது.