சவப்பெட்டிப் பட்டறையில் ஒரு வயலின் பெட்டி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் அப்பா சவப்பெட்டி செய்கிறார். வரதராஜன்பேட்டையைச் சுற்றி எந்த ஊரில் யார் இறந்தாலும் முதல் போன் பங்குச் சாமியாருக்குப் போகும், அடுத்த போன் அப்பாவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் ‘பொட்டிக்காரர் பொண்ணு’. பி.காம். முடித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு ஆபீஸில் கொஞ்ச காலம் கணக்கு எழுதினேன். ஒட்டவில்லை. பட்டறைக்கே வந்துவிட்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வைத்த காபியைத் தொடாமல் கிளம்பியதும் உண்டு. “அவங்க வர்ற அன்னிக்காவது அந்தக் கதவ சாத்தி வையேன்” என்று அத்தை கெஞ்சினார். நான் சாத்தவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர் அதைப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு என்ன செய்வார்?

மாதா கோயில் பாடற்குழுவில் நான் வயலின் வாசிக்கிறேன். ஒருமுறை ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போகையில், பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் வயலின் பெட்டியின் ஜிப் பிரிந்துகொண்டது. கடையில் வாங்கிய பெட்டி. உள்ளே அட்டை, மேலே துணி. வயலின் படியில் விழுந்து கழுத்து முறிந்தது. தஞ்சாவூரில் கொடுத்து ஒட்டி வாங்கி வந்தேன். அப்பா அந்தப் பழைய பெட்டியைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் அழுத்தினார். அமுங்கியது.

“இதுக்குப் பேரு பொட்டியா? மனுசனுக்கே செய்யிறோம். இதுக்கு ஒண்ணு செஞ்சுக்க முடியாதா?”

செய்தேன். சவப்பெட்டிக்கு அறுத்து மிஞ்சிய பலகையில் சட்டம். மேலும் கீழும் மெல்லிய பிளைவுட். உள்ளே ஃபோம் வைத்து, அதன்மேல் நாங்கள் வழக்கமாகப் போடும் வெள்ளை சாட்டின். முதல் பெட்டியில் வயலினின் முதுகு அடிப்பலகையில் உட்கார்ந்துவிட்டது. கீழே தட்டினால் அந்த அதிர்ச்சி நேராக வயலினுக்கு ஏறும். பிரித்துவிட்டு மறுபடி செய்தேன். கழுத்துக்கு ஒரு மெத்தை, அடிப்பக்கத்துக்கு ஒரு மெத்தை. நடுவில் முதுகு எதிலும் படாமல் நின்றது. மூடிவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். உள்ளே சத்தமில்லை. “ம்” என்றார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

திருவிழா ஒன்றில் என் கையில் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அரியலூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். கச்சேரிகளுக்கும் கல்யாணங்களுக்கும் வயலின் வாசிப்பவர். அவருடைய வயலினின் தலையில், வழக்கமான சுருளுக்குப் பதிலாக யாளி முகம் செதுக்கியிருந்தது. அந்த முகத்தின் மூக்கு எந்தக் கடைப் பெட்டியிலும் இடித்தது. அதனால் துணிப்பையில்தான் கொண்டுபோய்க் கொண்டிருந்தார். முதல்முறை வந்தபோது வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார். யாளிக்கென்று தனியாக ஒரு குழி விட்டு, அவர் கேட்டபடி அரக்குநிற வெல்வெட் போட்டு முடித்தேன்.

வாங்கிப்போக வந்தபோது அவருடன் அவர் கணவரின் அண்ணனும் வந்திருந்தார். அதே குழுவில் மிருதங்கம் வாசிப்பவர். பெட்டி பட்டறையில் இருந்தது; உள்ளே கூப்பிட்டேன். சுவர் ஓரம் சவப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இங்கயா செஞ்சீங்க?”

“ஆமா சார்.”

“கல்யாண மேடைக்குப் போற வாத்தியம் இது. சாவுப் பொட்டி செய்யிற எடத்துல செஞ்சத எப்படிங்க தூக்கிட்டுப் போறது?” பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். “மரமாவது வேறதானே?”

வேறு என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“பிளைவுட் தனியா வாங்குனது. சட்டம் அந்தப் பலகையில மிஞ்சுனதுதான்” என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் பின்னாலேயே போய்விட்டார். பெட்டி மேசைமேல் திறந்தபடி கிடந்தது.

அன்று அப்பா சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஜெயங்கொண்டத்துல சின்னதா ஒரு கடை புடிச்சுக்கயேன். இங்க செஞ்சு அங்க வையி. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்பா.”

“நான் ஒனக்காகத்தான் சொல்றேன்.”

“நீங்க செய்யிறது கேவலமான வேலைன்னு நானே ஒத்துக்கணுமா?”

மறுநாள் ரோட்டோரம் இருக்கும் அவருடைய போர்டைக் கழற்றினேன். ‘சவப்பெட்டிகள் செய்து தரப்படும்’ என்பதற்குக் கீழே, அதே கறுப்பு பெயின்ட்டில், அதே அளவு எழுத்தில், ‘வயலின், வீணைப் பெட்டிகளும்’ என்று எழுதி மாட்டினேன். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பங்குப் பேரவை ஆள் ஒருவர் வண்டியை நிறுத்தி, “பாக்க நல்லால்லம்மா, தனித்தனியா வையி” என்றார். “ரெண்டும் ஒரே எடத்துலதானே செய்யிறோம் சார்” என்று சொல்லிவிட்டு இழைக்கப் போய்விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், அக்கா பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தார். தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறார். வயலின் துணிப்பையோடு மடியில் இருந்தது.

“அன்னிக்கு நான் வாய் தொறக்கல. அது தப்பு” என்றார். “என் வீட்டுக்காரர் தவறிப் பல வருசமாச்சு. நெத்தியில பொட்டு இருக்கறதால ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. அவர் போனப்போ, அன்னிக்கு எங்கூட வந்த இதே ஆளுதான், இனிமே கல்யாணத்துக்கெல்லாம் நீ வாசிக்க வேணாம், அபசகுனம்பாங்கன்னு சொன்னாரு. நான் கேக்கல. கூப்புட்டவங்களுக்குப் போயி வாசிச்சேன். கூப்புடாதவங்களும் பின்னாடி கூப்புட்டாங்க. எனக்கு ஒரு நியாயம், பொட்டிக்கு ஒரு நியாயமா?”

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். வயலினைக் கிடத்தினார். யாளி தன் குழியில் சரியாகப் பொருந்தியது. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு அப்பாவைப் பார்த்து, “பலகை நல்லாருக்குங்க” என்றார். அப்பாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

திருமழபாடியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அக்கா என்னையும் வரச் சொன்னார். போனேன். மேடையில் எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்தார். மிருதங்கக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வாசித்தார், நன்றாகவே வாசித்தார். கச்சேரி முடிந்ததும் பொண்ணு வீட்டு அம்மா ஒருவர் வெல்வெட்டைத் தடவிப் பார்த்து, “எங்க வாங்குனீங்க?” என்று கேட்டார்.

“வாங்கல, செஞ்சது. வரதராஜன்பேட்டைப் பக்கம், சவப்பெட்டி செய்யிறவங்க வூட்ல” என்றார் அக்கா, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அந்த அம்மாவின் கை சட்டென்று பின்வாங்கியது. அக்கா சிரித்தபடியே கொண்டியை மாட்டினார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வருகிறார்கள். போர்டைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். போன மாதம் பெரம்பலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மகளின் வீணைக்குப் பெட்டி வேண்டும்.

“அளவ வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன். செஞ்சு முடிச்சதும் பஸ் ஸ்டாண்டுல வச்சு வாங்கிக்கிறேனே. உள்ள வரணுமா?”

“வரணும் சார். வாத்தியத்தப் பாக்காம நான் செய்யிறதில்ல.”

போனை வைத்துவிட்டார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். நேற்று காரில் வந்து இறங்கினார், வீணையோடு. பட்டறையில் அவ்வளவு நீள வாத்தியத்தைக் கிடத்த வேறு இடமில்லை. முடித்து வைத்திருந்த சவப்பெட்டியின் மூடிமேல் பெட்ஷீட் விரித்து, அதில் வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் டேப்பை இழுத்து ஒரு முனையை அவரிடம் நீட்டினேன்.

“குடத்துப் பக்கம் புடிங்க சார். அசையக் கூடாது.”

பிடித்துக்கொண்டார்.