பட்டாபிராமில் ஏறி அம்பத்தூரில் இறங்குகிறவள்

என் மகள் காபியில் பால் ஊற்றமாட்டாள், சர்க்கரையும் போடமாட்டாள். காலை ஆறரை மணிக்குப் பின்பக்கத்து பால்கனியில், துணிக்கொடிக்கு அடியில் நின்று, கண்ணாடி டம்ளரில் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பத்து நிமிடம் குடிப்பாள். அந்தப் பத்து நிமிடம் யாரும் அவளிடம் பேசக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். நான் தினமும் பேசுவேன்.

"எந்த வியாதிக்குடி இந்தக் கஷாயம்?"

திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு ரயில்வே லைன் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவள். பதில் சொல்லாத பிள்ளையை எனக்குப் பிடிக்காது.

அவளுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில். சுடிதார் போட்டுப் போகிற வயதில் புடவைதான் கட்டுவாள், அதுவும் பருத்திப் புடவை மட்டும். சோறு வடித்த கஞ்சியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வாள். அதில் புடவையை முக்கி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தானே இஸ்திரி போடுவாள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் மடிப்பு பொய்யாக விழுமாம். ரவிக்கை தைக்க முகப்பேர் வரைக்கும் போவாள். அரை இஞ்ச் கை நீளத்துக்காக அந்தத் தையல்காரரிடம் மூன்று முறை பிரித்துத் தைக்கச் சொன்னவள். புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. "ஆஸ்பத்திரி நர்ஸ் கூட இப்படிப் போகமாட்டா" என்று நான் சொன்னதற்கு, "நர்ஸுங்களுக்கு நல்ல டேஸ்ட்டும்மா" என்றாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது நகை.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் நகையைக் கழற்றிவிட வேண்டும். பொட்டு, பூ, கம்மல், வளையல், தாலி எதுவும் கிடையாது. நாங்கள் முன்னால் அப்படி இருந்தவர்கள் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக் கோயிலுக்குப் போன குடும்பம்தான். என் கணவர் குடிப்பார். ஷிப்ட் முடிந்து ஆவடியிலிருந்து வீட்டுக்கு வந்து சேராத நாட்கள் உண்டு. அவர் குடியை விட்டது இந்தச் சபைக்குப் போன பிறகுதான். அவர் விட்ட மாதம் நான் கழுத்தில், காதில் இருந்ததைக் கழற்றினேன். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் காதிலிருந்த கம்மலையும் நானே கழற்றினேன். அன்றிலிருந்து என் மனதில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது: அந்தக் கம்மல் திரும்பி வந்தால் குடியும் திரும்பி வரும். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாஸ்டர்கூடச் சொன்னதில்லை.

அவள் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் காது ஓட்டையில் சொருகி வைத்திருந்தாள், தூர்ந்துவிடாமல். பத்து வருடம். முடியை முன்னால் விட்டு மறைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக்குறிப்பைச் சொல்வார்கள். ஒருவர் மூட்டுவலி என்பார், ஒருவர் மகனுக்கு விசா என்பார். எல்லாரும் அதற்காகச் சத்தமாக ஜெபிப்பார்கள். ஒரு வாரம் சபைச் சகோதரி ஒருத்தி என்னிடம், "உங்க பொண்ண ட்ரெயின்ல பாத்தேன் சிஸ்டர். பட்டாபிராம்ல ஏறும்போது நம்ம பொண்ணு, அம்பத்தூர்ல இறங்கும்போது உலகத்துப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது, மகள் பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று தெரிந்தே, குரலை உயர்த்திச் சொன்னேன்: "என் மகளுக்காக ஜெபிச்சுக்கங்க. அவளப் பிடிச்சிருக்கிற அலங்கார ஆவி விலகணும்."

பதினோரு பெண்கள் கையை உயர்த்தி, அறைக்கதவைப் பார்த்துக் கத்தினார்கள். அரைமணி நேரம். அவள் வெளியே வந்து, எல்லாருக்கும் டீ கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது ஒவ்வொருவரிடமும், "நல்லா ஜெபிச்சீங்க ஆன்ட்டி" என்றாள்.

எனக்கு அது போதவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அந்த மாதம்தான் திருநின்றவூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், நல்ல விசுவாசக் குடும்பம். அது கெட்டுப்போனால் இவளுக்கு இனிமேல் யார் என்று ஒரே பயம். கல்யாணம் ஆகாமல் போய்விடுவாள் என்பதைவிட, என் கையைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் ஏறின ரயிலில், அதே பெண்கள் பெட்டியில், அடுத்த வாசலில் ஏறினேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நின்றேன்.

அவளுக்கு ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பூக்கட்டுகிற ஒரு அம்மா கூடையை நகர்த்தி வழிவிட்டாள். "வந்துகினியா கண்ணு? இன்னா, இன்னிக்கு மூஞ்சி டல்லா கீது?"

"வீட்ல பேய் ஓட்டுனாங்க ஆயா."

பெட்டியே சிரித்தது. நான் அதுவரை என் மகள் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்துப் பார்த்ததில்லை.

ஆவடி வருவதற்குள் காதில் குச்சி போய், கறுத்துப்போன வெள்ளியில் பெரிய ஜிமிக்கி வந்தது. அண்ணனூரில் எதிர் சீட்டுப் பெண் ஒரு சின்னக் கண்ணாடியை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள், தினமும் பிடித்துப் பழகின கை. மை. பிறகு உதட்டுக்கு ஒரு நிறம். சிவப்பு இல்லை, சுட்ட செங்கல் நிறம். வண்டி குலுங்கும்போது கையை நிறுத்தி, குலுக்கல் நின்றதும் தொடர்ந்தாள். ஒரு கோடுகூடத் தவறவில்லை. பூக்காரம்மா நாலு விரல் அளவு மல்லிகையை அளந்து கிள்ளினாள். மகள் அதை உச்சியில் வைக்காமல், காதுக்குக் கீழே, கொண்டையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் காற்றில் கண்ணை மூடினாள். அழகாக இருந்தாள். அதை எழுதாமல் இருக்க முடியாது. நான் பெற்ற பிள்ளை இவ்வளவு அழகு என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

திருமுல்லைவாயில் தாண்டியதும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். கண் திறந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை. நான் இடது கையால் அவள் தாடையைப் பிடித்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கும்போது பிடிப்பதுபோல. வலது கையில் முந்தானை. உதட்டை அழுத்தித் துடைத்தேன். ஒரு முறை இல்லை. நிறம் போகிற வரைக்கும். அது லேசில் போகிற சாயம் இல்லை, கன்னத்துக்கெல்லாம் இழுபட்டது.

"ஏம்மா, யாரும்மா நீ? பொண்ண உடும்மா!" பூக்காரம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெத்தவ" என்றேன்.

"பெத்தா இன்னா, இப்டியா பண்ணுவே? ஊட்ல வெச்சிப் பேசு. நாலு பேரு நடுவுல அந்தப் புள்ள மூஞ்சிய இன்னாத்துக்கு நாற அடிக்கிற?"

மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, தடுக்கவும் இல்லை. கண்ணாடி பிடித்திருந்த பெண் அதை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அம்பத்தூரில் ரயில் நின்றது. மகள் பூவை எடுத்துப் பூக்காரம்மாவின் கூடையில் போட்டுவிட்டு, கன்னமெல்லாம் செங்கல் கறையோடு, ஆபீஸுக்குப் போகிற அத்தனை பேர் நடுவில் பிளாட்பாரத்தில் இறங்கி நடந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. படியேறுகிற வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் சண்டை வரும் என்று வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வந்தாள், கை கால் கழுவினாள், "சாப்பிட்டீங்களாம்மா?" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டவள்.

மறுநாளிலிருந்து நான் கேட்டதெல்லாம் நடந்தது. ஜிமிக்கியையும் மையையும் ஒரு கவரில் போட்டு என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். என் பழைய வெள்ளைப் புடவைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வெறும் காலில் ரப்பர் செருப்பு. கஞ்சி எடுத்து வைத்தேன், தொடவில்லை. பால்கனிக்குப் போவது நின்றது. நாங்கள் குடிக்கிற பால் காபியை, சர்க்கரையோடு, எங்களோடு உட்கார்ந்து குடித்தாள். "நல்லாருக்கா?" என்றேன். "நீங்க போட்டதாச்சே" என்றாள். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சகோதரிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபம் கேட்கப்பட்டது பாத்தீங்களா" என்றார்கள். பாஸ்டரம்மா என்னை நடந்ததை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.

என் கணவர் ஒரு நாள் மட்டும் கேட்டார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? சிரிக்கவே மாட்டேங்குதே."

"அடக்கம் வந்திருக்கு" என்றேன்.

மூன்றாவது வாரம் திருநின்றவூர்க் குடும்பம் வந்தது. பையன், அவன் அம்மா, அத்தை. அந்த அம்மாவுக்கு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கேசரி சாப்பிட்டு, ஜெபம் செய்து, எல்லாம் நல்லபடியாகப் போனது. போகிற நேரத்தில் அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார்: "உனக்கு என்னம்மா பிடிக்கும்? பையன் கேக்கச் சொன்னான். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சுக்கிறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கட்டுமே."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மாவக் கேளுங்க ஆன்ட்டி. எனக்கு எது பிடிக்கணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேதம் வாசிக்கப் பிடிக்கும், பாடப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள், அடுத்த மாதம் நிச்சயம் நடந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று வாரமாக அதில் யாருமே இல்லை.

"காபி பால் இல்லாம பிடிக்கும்" என்றேன். "குடிக்கும்போது பேசக்கூடாது."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கடையில் சென்ட் அடித்துக் காட்டுகிற காகிதத் துண்டுகளைக் கொண்டுவந்து புடவை மடிப்புக்குள் வைப்பாள், வாங்கமாட்டாள், வாசனை மட்டும் போதும் என்றேன். ஆவடி கொய்யாவில் மிளகாய்த்தூள் தடவாமல் உப்பு மட்டும் என்றேன். கடுகு நிறமும் சாம்பல் நிறமும் பிடிக்கும், ரோஸ் ஆகாது. ஆம்பளை வாட்ச் மாதிரி பெரிய டயல் வைத்தது வேண்டும். புதுப் புடவையை முதல் நாள் வீட்டில் கட்டிப் பழக்கிவிட்டுத்தான் வெளியே கட்டுவாள். கம்மல் கனமாக இருக்க வேண்டும், தலையைத் திருப்பும்போது கன்னத்தில் இடிக்க வேண்டும். மல்லிகை நாலு விரல் அளவு, காதுக்குக் கீழே. உதட்டுக்குச் சிவப்பு பிடிக்காது, செங்கல் நிறம் என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"சிஸ்டர்" என்றார் அவர், "இதெல்லாம் போகணும்னுதானே நீங்க ஜெபிக்கச் சொன்னதாக் கேள்விப்பட்டோம்?"

பையனின் அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "கர்த்தர் சித்தம் எதுவோ அது ஆகட்டும்" என்றார் அந்த அம்மா. எங்கள் ஆட்களிடையே அதற்கு அர்த்தம், இனி வரமாட்டோம் என்பது. என் கணவர் கேசரித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

சமையலறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். சம்பந்தத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறேன் இல்லையா.

"பூ எத்தன விரல்னுகூடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"கம்மல் கன்னத்துல இடிக்கணும்னு?"

"நீ சின்னதுல இருந்தே அப்படித்தான்."

அவள் தலையாட்டினாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம், அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது, பயந்துபோய்ப் பண்றாங்கன்னு நெனச்சேன். அதனாலதான் ட்ரெயின்ல ஒண்ணும் சொல்லல." தண்ணீர்க் குழாயை மூடினாள். "இவ்வளவும் தெரிஞ்சுதான் தொடச்சீங்களா?"

நான் கூடத்துக்குப் போய் அடுக்கி வைத்த கேசரித் தட்டுகளை எடுத்துவந்து தொட்டியில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் முகப்பேரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அப்பாதான் டூ வீலரில் பெட்டியைக் கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பக் குடிக்கவில்லை. அவள் காதில் என்ன போட்டிருந்தாள் என்று கேட்டேன், கவனிக்கவில்லை என்றார். பொய். கவனித்துத்தான் இருப்பார்.

வாராவாரம் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து அவளே போன் செய்கிறாள். தவறினதே இல்லை. சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, அப்பா எப்படி இருக்காரு. இரண்டு நிமிடம். போன வாரம் வைக்கப்போகிற நேரத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னைக்கு என்னடி கட்டியிருக்க?"

பின்னால் யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"துணிதாம்மா" என்றாள்.