கப்பலில் ஏறாத கட்டில்

போர்ட் பிளேரில் யாருக்காவது பரிசு வாங்கப் போனால், "இருக்கிறவங்களுக்கா, போறவங்களுக்கா?" என்று கேட்பார்கள். அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரை பாய், இந்தக் கேள்வியைக் கேட்காமல் அலமாரிக் கதவைத் திறக்கவே மாட்டார். தீவிலேயே இருக்கிறவர்களுக்கு மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய எதைக் கொடுத்தாலும் பரிசுதான். முகப்பவுடர், பூப்போட்ட டம்ளர், நல்ல துண்டு, எதுவானாலும் சரி. மெயின்லாண்டுக்குப் போகிறவர்களுக்குத் தீவுச் சாமான்தான் கொடுக்க வேண்டும். சிப்பி விளக்கு, படாக் மரத்தில் கடைந்த பேனாப் பெட்டி, சோழி மாலை என்று அதற்குத் தனி அலமாரி இருந்தது. மாற்றிக் கொடுத்தால் ஊரே சிரிக்கும். மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போன அதிகாரிக்கு மெட்ராஸ் சோப்புப் பெட்டியைக் கொடுத்து வழியனுப்பிய ஒரு குமாஸ்தாவைப் பற்றி நாங்கள் போய்ச் சேர்ந்த காலத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போனது அறுபதுகளில். என் வீட்டுக்காரருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. டெலானிபூர் மேட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். மரச்சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் வீட்டுக்குள் பேசுவது வீட்டுக்குள்ளேயே கேட்காது. திருநெல்வேலியிலிருந்து போனவளுக்கு அந்த மழையைக் கண்டால் முதலில் சந்தோஷமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, அதன்பிறகு ஒன்றுமே தோன்றவில்லை.

என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புகளுக்கு ஒரே ஒரு ஆசிரியர். முதலில் இருந்தவர் கோடை விடுமுறைக்கு மெயின்லாண்டு போனார். அங்கிருந்தபடியே வேலையை விட்டுவிட்டதாக எழுதிப் போட்டுவிட்டார். அடுத்த ஆசிரியர் வந்து சேர அந்த வருடத்தில் பாதி போய்விட்டது. அதுவரை எங்கள் பிள்ளைகளை இந்தி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு இந்தியோடு விரோதம் ஒன்றும் கிடையாது. மீன் வாங்குவதும், விறகுக்காரனிடம் மல்லுக்கட்டுவதும், பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் அழுவதும் அதில்தான். ஆனால் என் மகள் என்னோடு சண்டை போடுவதையும் இந்தியில் ஆரம்பித்தபோது எனக்குப் பகீரென்றது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் ஓடிப்போய் வாங்குவாள், பிரித்துப் பார்ப்பாள், "நீயே படிம்மா" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அப்போதுதான் புது டீச்சர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணம் ஆகாதவர். கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, ஜெட்டியில், அதான் கப்பல் துறையில், இறங்கிய கையோடு இன்னொரு தடவையும் எடுத்தார். இது ஒரு மாதம் தாங்காது என்று எல்லோரும் நினைத்தோம். தாங்கியது. பிள்ளைகளை அதட்ட மாட்டார், கெஞ்சவும் மாட்டார். அந்த வருடக் கடைசியில் என் மகள் ஊர்க் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, "மாமா கையெழுத்து ரொம்ப மோசம்" என்று சொன்னாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தின் பின்னால் ஓர் அறை. கட்டில் கிடையாது. தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தவரை மழைக்காலத்தில் பூரான் கடித்துவிட்டது. அந்தமான் பூரான் ஊர்ப் பூரான் மாதிரி இல்லை, முழ நீளத்துக்குக்கூட வரும். கால் வீங்கி ஒரு வாரம் நொண்டினார். அதன்பிறகு வகுப்புப் பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். காலையில் அதே பெஞ்சில் மூன்றாம் வகுப்பு உட்காரும்.

வருடம் முடியப் போகிற நேரத்தில் பள்ளிக்கூட ஆயா எங்கள் வீட்டுக்கு வந்தார். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து தீவில் குடியேறியவர். தின்பதற்கு நான் கொடுத்ததை முடித்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்.

"டீச்சர்ஜி சப் பாந்த் லியா, பஹன்ஜி. தகியா பீ."

எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாராம், தலையணை உட்பட. விடுமுறைக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள் தலையணையைக் கட்ட மாட்டார்கள். அது இங்கேயே கிடக்கும். இது தீவில் எல்லோருக்கும் தெரியும். முன்பிருந்தவரும் தலையணையை எடுத்துக்கொண்டுதான் போனார்.

வருடக் கடைசியில் பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்து டீச்சர், ஆயா, மணியடிக்கும் பியூன் மூவருக்கும் ஏதாவது வாங்கிக் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் மரக் கான்ட்ராக்டர் வீட்டில் கூடினோம். அந்த வீட்டு அக்காவுக்குச் சிவகங்கைப் பக்கம். பெரிய மனசு, பெரிய குரல்.

"டீச்சருக்கு சிப்பி வெளக்குத்தான். பாய் கடையில புதுசா வந்திருக்கு. பார்த்தாக் கண்ணப் பறிக்குது" என்றார்.

"சிப்பி விளக்கு வேண்டாம்க்கா. அதக் குடுத்தா 'போயிரு, வராத'ன்னு நம்மளே சொல்லி அனுப்புத மாதிரி இருக்கும்."

"ஊருக்குப் போற பிள்ளைக்கு வேற என்னத்தக் குடுக்க?"

"கப்பல்ல ஏத்த முடியாததா ஒண்ணு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ கோழி என்றார்கள். கோழியை விடுமுறையில் யாராவது சமைத்துவிடுவார்கள் என்று அதை விட்டோம். கன்றுக்குட்டி என்றார்கள். டீச்சருக்கு மாட்டைக் கண்டால் பயம். நான்தான் கட்டில் என்று சொன்னேன். படாக் மரக் கட்டில். பெரிய படாக் சாமானைத் தீவை விட்டு எடுத்துப் போக அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அலைந்தால் செருப்புத் தேய்ந்துவிடும். அப்படியே அனுமதி கிடைத்தாலும் அந்தக் கனத்தை யார் ஏற்றி இறக்குவது? கிடக்கிற இடத்தில்தான் கிடக்கும். படுக்க வேண்டியவர்தான் திரும்பி வர வேண்டும்.

அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. "ஏத்தா, ஒன் மூளைய உப்புல போட்டு வைக்கணும். சலேகா, நடக்கும்! மரத்துக்கு எங்க வீட்டுல சொல்றேன்" என்றார். மற்றவர்கள் கூலிக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த ஒரு மலையாளத் தச்சர் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார். இழைக்கும்போது போய்ப் பார்த்தேன். மரம் உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தது. தச்சர், காலைக் கொஞ்சம் மெலிசாகப் போடலாமா என்று கேட்டார். "இன்னும் தடியாப் போடுங்க" என்றேன்.

ஆயாவுக்கும் பியூனுக்கும் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆயாவுக்கு வருடா வருடம் சேலைதான். அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே கப்பலில் ஒரே கட்டாக வந்த சேலையைத்தான் எல்லா வகுப்புக்காரர்களும் வாங்குவார்கள். போன வருடம் அவருக்கு ஒரே நிறத்தில், ஒரே கரையில் மூன்று சேலை வந்து சேர்ந்தது. தினம் மாற்றிக் கட்டினாலும், மாற்றவே இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்களாம். அதனால் இந்தத் தடவை என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். பரிசைக் கேட்டுக் கொடுப்பதா என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். குடை வேண்டும் என்றார் ஆயா. வாங்கினேன். பியூனுக்குத் துண்டு.

கடைக்கார பாய் இரண்டையும் பொட்டலம் கட்டினார்.

"டீச்சரம்மாவுக்கு எடுக்கலையா? வெளக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அவங்க போறவங்கதானே?"

"இருக்கிறவங்க, பாய்."

"டிக்கெட் எடுத்தாச்சுன்னாங்களே."

"டிக்கெட் எல்லாருந்தான் எடுக்கோம். வெளக்க உள்ள வைங்க."

அவர் விளக்கைத் தூக்கி மேல் தட்டில் வைத்தார். வெள்ளைச் சிப்பிகளை அடுக்கி, நடுவில் பல்பு வைத்தது. அழகாகத்தான் இருந்தது.

கடைசி நாள் பள்ளிக்கூடத்தில் கான்ட்ராக்டர் லாரி வந்து நின்றது. நாலு ஆள் சேர்ந்து முக்கி முனகிக் கட்டிலை இறக்கி டீச்சர் அறையில் போட்டார்கள். அறையில் பாதி அடைந்துவிட்டது. டீச்சர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இத நான் எப்படிங்க எடுத்துண்டு, இல்ல, எடுத்துட்டுப் போறது?" அவருக்குப் பதற்றத்தில் வார்த்தை குழறியது.

"எடுத்துட்டுப் போக வேண்டாம் டீச்சர். இங்கனயே கெடக்கட்டும். பூரானுக்காகச் செஞ்சது" என்றேன்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து கையால் தடவினார். "பொல்லாதவங்க நீங்க" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இரண்டும் இருந்தது. அன்று சாயங்காலம் டீச்சர் கட்டிலை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்ததாக ஆயா வந்து சொன்னார். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. விற்கப் போகிறாரோ என்று அக்கா சந்தேகப்பட்டார்.

கப்பல் ஏறும் நாளில் ஜெட்டிக்குப் போனேன். பெட்டி போயிற்று. அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய தலையணையும் போயிற்று. நான் பார்த்ததை டீச்சரும் பார்த்தார்.

மே மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. எலிப்பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பவள் மாதிரி, பள்ளிக்கூடம் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அறை ஜன்னலை எட்டிப் பார்ப்பேன். கட்டில் இருந்த இடத்தில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. மகள் ஒரு நாள், "டீச்சர் வரலேன்னா மறுபடியும் கடைசி வரிசையாம்மா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று சொன்னேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வந்த கப்பலுக்கு ஜெட்டிக்குப் போனேன். ஊரிலிருந்து புளியும் வற்றலும் வருகிறது, வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். கூட்டத்துக்கு நடுவில் பச்சை வெளிறிய முகத்தோடு டீச்சர் இறங்கினார். அக்குளில் தலையணை. கையில் ஒரு துணிச் சுருள்.

"கொசுவல" என்று நீட்டினார். "கட்டில் அளவுக்குத் தெச்சேன். அம்மா போகாதேன்னாங்க. அங்கயே ஒரு ஸ்கூல்ல இடமும் வந்துச்சு. அவ்வளவு பெரிய கட்டில வாங்கிட்டு வராம இருந்தா நல்லாவா இருக்கும், சொல்லுங்க."

ஜெட்டியில் அத்தனை பேர் முன்னால் அவரைக் கட்டிக்கொண்டேன். அந்த மாதிரி சந்தோஷம் எனக்குத் தீவில் வேறு எந்த நாளிலும் இருந்ததில்லை. புளியை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதே கப்பலில்தான் தபால் பையும் வந்திருந்தது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "ஆர்டர் வந்துட்டு. தூத்துக்குடி."

மாற்றல் கேட்டு மனுப் போட்டது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. போடுங்கள், போடுங்கள் என்று அவரை விடாமல் அரித்தவளே நான்தான். குவார்ட்டர்ஸில் எல்லோருடைய மனுவும் ஏதாவது ஒரு மேசையில் எப்போதும் கிடக்கும். சமையல் செய்வது மாதிரி அதுவும் ஒரு வேலை. அந்த மனுவையும் இந்தக் கட்டிலையும் நான் ஒரு தடவைகூடச் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. கட்டிலுக்குப் பங்கு போட்டவர்களில், மாற்றல் இல்லாத கான்ட்ராக்டர் வீட்டைத் தவிர மற்ற எல்லோருக்கும் அப்படி ஒரு மனு உண்டு, அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் வகுப்பில் சொல்லிவிட்டாள். டீச்சர், "அப்படியா, ஊர்ல நல்லாப் படிக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். அக்காதான் விடவில்லை. "நல்லாருக்குத்தா ஒன் ஞாயம். அந்தப் புள்ளய இங்க இருத்தி வச்சுட்டு நீ கெளம்பிட்ட" என்றார். நான் பதிலுக்கு, அரசாங்க உத்தரவு வந்தால் என்ன செய்ய முடியும் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாற்றல் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதையும் மறைக்கவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று டீச்சர் ஜெட்டிக்கு வந்தார். மகளுக்குத் தலை வாரிவிட்டார். என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். மேலே பாய் கடைச் சணல்.

"மெதுவாப் பிரிங்க, உடையும்" என்றார். "கட்டில்ல நல்லாத் தூக்கம் வருதுங்க."

கப்பல் நகர்ந்து, ஜெட்டியில் நின்றவர்களின் முகம் தெரியாமல் போன பிறகு மகள் அதைப் பிரித்தாள். வெள்ளைச் சிப்பிகளை அடுக்கி, நடுவில் பல்பு வைத்தது. "அம்மா, எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது, காற்றில் கண் கரிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாய் அவரிடமும், "இருக்கிறவங்களுக்கா, போறவங்களுக்கா?" என்று கேட்டிருப்பார். டீச்சரும் பதில் சொல்லியிருப்பார்.