வாசலில் கழற்றிய கண்ணாடிச் செருப்பு

ஈர ஸ்பொஞ்சின் வாசம்... இன்னும் மூக்கில் நிற்கிறது.

ஜேர்மனியின் பான் நகரத்தில் நான் ஆசிரியர் பயிற்சி செய்த பள்ளிக்கூடத்தில் அப்போது கரும்பலகைதான். பாடம் முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை ஸ்பொஞ்சை நனைத்துக்கொண்டு வந்து அழிக்கும். சோக்கும் தண்ணீரும் கலந்த அந்த வாசம் வந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

பயிற்சியின் முடிவில் ஒரு பரீட்சைப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பரீட்சகர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் தடவை நான் கோட்டை விட்டுவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம், உயிர்தான் இல்லையாம். இனி ஒரேயொரு தடவைதான் எடுக்கலாம். அதுவும் போனால் இந்த நாட்டில் ஆசிரியர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அம்மா சலவை நிலையத்தில் நின்று உழைத்துப் படிப்பித்தவர். இரண்டாம் தடவைப் பரீட்சையன்று காலை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுச் சொன்னார்.

"உனக்குக் கதை சொல்லத் தெரியும்தானே பிள்ளை. பிறகென்ன பயம்? போய்ட்டு வா."

கதைதான் என் திட்டமும். பத்தாம் வகுப்பு, ஆங்கிலப் பாடம், அமெரிக்க வரலாறு. ஜேர்மன் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கண்ணாடிச் செருப்புக் கதையை முதலில் நான் சுருக்கமாகச் சொல்வேன். பிறகு ஒவ்வொரு குழுவும் அதே கதையை அமெரிக்காவின் ஒவ்வொரு பத்தாண்டில் கொண்டுபோய் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் கதையை நகர்த்த முடியாது. அவ்வளவுதான் தந்திரம்.

தொடங்கினேன். அடுப்படிப் பெண், வண்டியாக மாறிய பூசணிக்காய் எல்லாம் ஒழுங்காக வந்தது... பிறகு வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"அவள் அரண்மனைக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடப் போனாள்."

முன்வரிசையில் லேனா கையை உயர்த்தினாள்.

"ஏன் செருப்பைக் கழற்றினாள்?"

சிரிப்பு வெடித்தது. எனக்கு முகமெல்லாம் சூடு. மூலக் கதையில் அவள் நள்ளிரவில் ஓடும்போது செருப்பு படியில் கழன்று விழும், அதை வைத்துத்தான் இளவரசன் அவளைத் தேடுவான். அது எனக்குத் தெரியாததா? ஆனால் பயத்தில் வந்தது அம்மா சொன்ன கதை!

நாங்கள் ஜேர்மனிக்கு வந்த புதிதில் அம்மா நூலகத்தில் படப் புத்தகம் எடுத்து வருவார். ஜேர்மன் எழுத்து அவருக்குப் பிடிபடாது, படத்தைப் பார்த்துத்தான் கதை. படியில் ஒற்றைச் செருப்பு கிடக்கிற படம் வந்ததும், "வாசலில கழட்டிப்போட்டுத்தானே உள்ளுக்குப் போகோணும். ஓடேக்க ஒண்டை விட்டிட்டாள், பாவம்" என்பார். எங்களுக்கு அதில் கேள்வியே இருக்கவில்லை.

பின்வரிசையில் தலைமைப் பரீட்சகர் ஏதோ எழுதினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "எங்கள் வீட்டில் கதை அப்படித்தான். செருப்போடு உள்ளே போவதில்லை" என்று சொல்லிவிட்டுக் குழுக்களைப் பிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

மதுவிலக்கு இருந்த இருபதுகளை எடுத்தவர்கள் நடனத்தை ஒரு களவு மதுக்கடையில் வைத்தார்கள். நள்ளிரவில் பொலிஸ் வந்ததாம், அதுதான் அவள் ஓடினாளாம். வேலையில்லாமல் நாடே தவித்த முப்பதுகளில் பூசணிக்காய் வண்டியாக மாறவேயில்லை. பசியில் கிடந்த தெருவுக்கே சூப் வைத்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஐம்பதுகளுக்கு எழும்பியவன் யூசுப். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

"எங்கள் கதை அமெரிக்காவின் தெற்கில் நடக்கிறது. அவள் கறுப்பினப் பெண். ஆட வரவில்லை, பாட வந்தவள். அந்த மண்டபத்துக்கு இரண்டு வாசல், முன்வாசல் வெள்ளையருக்கு. அவள் பின்வாசலால்தான் வரலாம். மிஸ் சொன்ன மாதிரி செருப்பை அங்கே கழற்றி வைத்தாள். இளவரசன் முன்வாசலில் கிடந்த செருப்பெல்லாம் எடுத்துத் தேடினான். பின்வாசல் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ கதை எப்படி முடியும்?" லேனாதான் கேட்டாள்.

"ஐம்பதுகளில் முடியாது. அடுத்த குழுவைக் கேள்."

அடுத்த குழுவே லேனாவுடையதுதான்! எழுதி வைத்ததை அப்படியே மூடிவிட்டு எழும்பினாள். "அறுபதுகளில் அவள் இளவரசனுக்காகக் காத்திருக்கவில்லை. ஊரையே கூட்டிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்து வந்தாள். என் செருப்பு எங்கே என்று கேட்டாள்."

மணி அடித்தது. இளவரசன் நல்லவனா மடையனா என்று சண்டை பிடித்துக்கொண்டேதான் வெளியே போனார்கள்.

பிறகு பரீட்சகர்கள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். "அந்தச் செருப்பு விஷயம் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லையே?" என்றார் தலைமைப் பரீட்சகர்.

"இல்லை. அது அம்மாவின் கதை."

மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். "அதை விட்டுவிடாதீர்கள்" என்றார். பாஸ்!

தெருவில் நின்று அழுதழுது அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "பின்னை? செருப்போட உள்ளுக்குப் போறதே?"

இப்போது வகுப்பில் கரும்பலகை இல்லை. தொட்டால் ஒளிர்கிற பெரிய திரை, பிள்ளைகள் கையில் டேப்லெட். ஸ்பொஞ்ச் வாசம் போய்விட்டது... சிரிப்பீர்கள், அதையும் தேடுகிறேன்.

போன கிழமை அந்தப் படப் புத்தகம் பழைய புத்தகச் சந்தையில் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், செருப்பு படியில் விழுந்தது என்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அது எழுதினவைக்குப் பிழைச்சுப் போச்சு" என்றார்.

பத்தாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் எடுக்கிறேன். கதை அம்மாவின் கதைதான். செருப்பை வாசலில் கழற்றி வைத்தாள் என்று சொல்லிவிட்டு நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் எங்கேயோ ஒரு கை உயரும்.

அன்று அந்தக் கையைக் கண்டுதான் நடுங்கினேன். இன்று அது உயரும்வரை காத்து நிற்கிறேன்.