கைகூப்பிச் சண்டை

வீட்டு முன்னறையில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு பின்னறையில் தாயில்லாத இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவன் இரண்டு தொழில் செய்கிறான். ஒன்றுக்குக் கூலி வரும், இன்னொன்றுக்கு இலவச ஆலோசனை வரும். சித்தூரில் நான் அப்படிக் காலம் தள்ளியபோது சாமுக்கு ஒன்பது வயது, ஷீலாவுக்கு ஏழு. வீட்டில் இரண்டு வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வீடியோ வைத்தியம்

ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை. ஜன்னலுக்கு வெளியே தெரிவது எதிர்வீட்டுச் சுவர்தான். ஃபேன் வாங்கிப்போக வந்த ஒரு டீச்சரம்மா, ஒரு வீடியோவில் பார்த்ததாகச் சொல்லி, அடிக்காமல் இருவரையும் கட்டிப் பிடித்தபடி நிற்க வையுங்கள், கோபம் கரைந்துவிடும் என்றார். நிற்க வைத்தேன். அவன் அவள் முதுகைக் கிள்ளினான், அவள் அவன் தோளைக் கடித்தாள். பிடியை மட்டும் விடவில்லை. சொல் தட்டாத பிள்ளைகள். பிரித்தெடுக்க டீச்சரம்மாவும் கை கொடுக்க வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "வீடியோல வந்த பசங்க இப்படி இல்லீங்கண்ணா."

அடி உதவுற மாதிரி

கங்காதர நெல்லூர்க்காரர் ஒருவர் கடைக்கு வரும்போதெல்லாம், "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார். அவரே அடி வாங்கி வளர்ந்தவராம். அவர் பேச்சைக் கேட்டு நானும் இரண்டொரு முறை ஸ்கேலை எடுத்ததுண்டு.

அவர் அம்மா காலமாகி, பாகம் பிரித்த பிறகு ஒரு நாள் வெறும் மிக்ஸி ஜாரை மட்டும் கொண்டுவந்து வைத்தார். மோட்டார் எங்கே என்று கேட்டேன். "அது தம்பி பாகத்துல போயிடுச்சு. அவன் குடுக்க மாட்டான், நானும் கேக்க மாட்டேன். இதுக்கு வேற மோட்டார் ஒண்ணு பாத்து மாட்டுப்பா."

பெரியம்மாவின் தீர்ப்பு

என் மனைவியின் அக்கா ரேணிகுண்டாவில் இருந்தார். ஒரு முறை வந்தபோது ஷீலாவின் நெற்றியில் புடைப்பு, சாமின் கன்னத்தில் நகக்கீறல், எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பார்த்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார். அதில் நியாயமும் இருந்தது. "கோச்சுக்காதே தம்பி, உன்னால முடியல. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் ஷீலாவை நான் கூட்டிக்கினு போறேன். ஆளுக்கொரு ஊர்ல இருந்தா சண்டை ஏது?"

ஏழு மணி ஜெபம்

பெரியம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டு, அதற்குள் சண்டையை அடக்கிப் பார்ப்போம் என்று அன்றே ஒரு சட்டம் போட்டேன். பகலில் புகார் கூடாது. எல்லாவற்றையும் ஏழு மணி குடும்ப ஜெபத்தில் சொல்லலாம். கண் மூடியிருப்பதால் முறைக்க முடியாது; கை கூப்பியிருப்பதால் அடிக்க முடியாது; ஜெபத்தில் குறுக்கே பேசினால் பாவம். எனக்கும் கத்த வழியில்லை, முக்கிய லாபம் அதுதான். ஒருவர் முடித்ததும் மற்றவர் ஆமென் சொன்னால்தான் சாப்பாடு.

"ஆண்டவரே, ஷீலா என் ரப்பரைக் கடிச்சித் துன்னுட்டா. அவளை மன்னியும். மன்னிச்சாலும் நைனாகிட்ட சொல்லிப் புது ரப்பர் வாங்கிக் குடும்" என்பான் சாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஆமென் வரும். ஒரு நாள் வீடு சந்திக்க வந்த சபை போதகர் இதைக் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டு ஜெபத்துல ஸ்தோத்திரம் கம்மி, எஃப்.ஐ.ஆர். ஜாஸ்தி."

கடைசி ஆமென்

கிறிஸ்மஸ் முடிந்தது. பெரியம்மா வந்துவிட்டார். ஷீலாவின் பை வாசலில் இருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம்.

சாம் ஆரம்பித்தான். "ஆண்டவரே, பெரியம்மா வீட்டுல ஷீலாவுக்குத் தனி ரூமாம், தனி ஜன்னலாம். இது அநியாயம். அவளை அனுப்பாதேயும். இங்கியே என்கூட சண்டை போட்டுக்கினு கஷ்டப்படட்டும்..."

அவன் ஜெபத்துக்கு ஷீலா ஒரு நாளும் தானாக ஆமென் சொன்னதில்லை. அன்று அவன் முடிப்பதற்குள்ளேயே, தெருவுக்குக் கேட்கும்படி, "ஆமென்!" என்றாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. பெரியம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவர் குரல்: "பையை உள்ள வை தம்பி. பாதிச் சண்டையைக் கூட்டிக்கினு போய் நான் என்ன பண்றது?"

இப்போது மகன் ஒரு ஊரிலும் மகள் ஒரு ஊரிலும் இருந்துகொண்டு ஏழு மணிக்கு ஒரே ஃபோன் அழைப்பில் சேர்ந்து வந்து என்னைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள், ஆமென் சொல்வது மட்டும் என் வேலையாகிவிட்டது.